மாத்திரை மட்டும் போதாது, பதிலும் வேண்டும்



மூத்திரம் சிவப்பாகப் போனது. நடந்தது அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயந்துபோன ஓர் அம்மா, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளை எல்லாம் கூரை எரவானத்தில் செருகி வைத்துவிட்டு மறுநாள் களையெடுக்கப் போய்விட்டார்.

விழுப்புரம் பக்கத்துச் சேரி ஒன்றில் இருக்கிற நம் தோழர் ஒருவரின் தாயார் அவர். மூன்று வாரத்துக்கு மேல் இருமல். சாயங்காலம் ஆனால் காய்ச்சல். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. சளி எடுத்துப் பார்த்தார்கள், காசநோய் என்று தெரிந்தது. மாத்திரை இலவசம், கொடுத்தார்கள். 'ஆறு மாசம் விடாம சாப்புடணும், விட்டுட்டு வந்து நிக்கக் கூடாது' என்று ஓர் அதட்டல். அதோடு பேச்சு முடிந்தது. முதல் நாள் மாத்திரை போட்டதுமே மூத்திரம் செக்கச்செவேல் என்று போயிருக்கிறது. 'உள்ள எதுவோ அறுந்து ரத்தமா போவுது, இந்த மாத்திர நம்ம ஒடம்புக்கு ஆவாது' என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ஒரு மாதம் கழித்துப் பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகனுக்குத்தான் விஷயம் தெரிந்தது.

'ஏம்மா, டாக்டர்கிட்ட போய்க் கேட்டிருக்கலாம் இல்ல?'

'நான் இன்னாத்தடா கேக்கறது? கேட்டா திட்டுவாங்க. படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாதா?'

அந்த மாத்திரையில் ரிஃபாம்பிசின் என்று ஒரு மருந்து இருக்கிறது. அந்த மருந்தின் நிறமே செங்கல் நிறம். உடம்பிலிருந்து வெளியேறும்போது மூத்திரம், வேர்வை, கண்ணீர் எல்லாவற்றையும் செம்மஞ்சளாக்கும். அந்த நிறத்தால் ஒரு கெடுதலும் கிடையாது. 'மூத்திரம் செவப்பா போவும், பயப்படாதீங்க.' எண்ணிப் பாருங்கள், நான்கே சொற்கள். அந்த நான்கு சொற்களை யாரும் சொல்லவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை. ஒரு மாத சிகிச்சை போயிற்று. அரைகுறையாக நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும் ஆபத்து வேறு. அந்த ஒற்றை அறைக் குடிசையில் அவரோடு படுத்துத் தூங்குவது ஐந்து வயதுப் பேரப்பிள்ளை.

வன்கொடுமை, நிலம், கூலி, இட ஒதுக்கீடு என்று எழுதவேண்டிய பக்கத்தில் ஆஸ்பத்திரியைப் பற்றித் தலையங்கமா என்று சில தோழர்கள் கேட்கலாம். அந்த அம்மா சொன்ன பதிலை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். 'கேட்டா திட்டுவாங்க.' ஆண்டை வீட்டு வாசலில் கூலிக்கணக்கு கேட்காமல் நின்ற அதே வாய்தான் டாக்டர் மேசைக்கு முன்னாலும் மூடிக்கொண்டு நிற்கிறது. தன் உடம்புக்குள் போகிற பொருளைப் பற்றிக் கேட்கவே நமக்கு உரிமை இல்லை என்று நம்ப வைத்திருக்கிறார்களே, அதைவிடவா பெரிய அரசியல் இருக்கிறது?

இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. காத்தியவார் பகுதிக் கிராமம் ஒன்றில் வேலை பார்த்த தீண்டப்படாத சமூகத்து ஆசிரியர் ஒருவரின் கடிதம் 1929 டிசம்பர் 12ஆம் தேதி 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அதை எடுத்துச் சொல்கிறார். ஆசிரியரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு நாளில் வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், விலாவில் வலி. டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு வருகிறார், அதுவும் சேரிக்கு வெளியே கொண்டுவந்து காட்டினால்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு. பச்சை உடம்புக்காரியை, பிறந்த குழந்தையோடு வெளியே தூக்கி வருகிறார்கள். டாக்டர் காய்ச்சல்மானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவனிடம் கொடுக்கிறார். கணவன் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார் டாக்டர். போய் மருந்து அனுப்புகிறார். அப்புறம் வந்து பார்க்க மறுத்துவிடுகிறார். அந்தப் பெண் செத்துப்போகிறார்.

அந்தச் சேரிக்கு மருந்து வந்தது. ஆனால் நோயாளியின் நெஞ்சில் கை வைத்துப் பார்க்க யாரும் வரவில்லை. மருந்து சாப்பிட்ட பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்கவும் ஒரு வாய் வரவில்லை. காய்ச்சல்மானி கைமாறிப் போன அந்தக் காலம் இன்று இல்லை என்று சொல்லலாம். சரி, காய்ச்சல்மானி இன்று நேராகவே வருகிறது. பேச்சு நேராக வருகிறதா? 'இவங்ககிட்ட சொன்னா இன்னா புரியப்போவுது' என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவர் நினைத்தால், மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர் 'கேட்டா திட்டுவாங்க' என்று நினைக்கிறார். இரண்டும் சேர்ந்துதான் அந்தத் தூரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

டாக்டர்கள் எல்லோரும் எதிரிகள் என்று நாம் சொல்லவில்லை. ஓ.பி. சீட்டோடு வராண்டா கொள்ளாத கூட்டம் நிற்கும்போது ஒற்றை டாக்டர் என்னதான் செய்வார்? நோயாளியோடு டாக்டர் செலவிடுகிற நேரத்தைப் பல நாடுகளில் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. சுவீடனில் 22.5 நிமிடம். இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். வங்கதேசத்தில் 48 விநாடி. இது டாக்டரின் குணம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. ஏழைக்கு எத்தனை நிமிடம் போதும் என்று அரசு போடுகிற கணக்கு சம்பந்தப்பட்டது. டாக்டர் பணியிடங்களைக் கூட்டு, நிரப்பு என்று கேட்கிற போராட்டம் தனி. அது நடக்கட்டும். அதுவரை நம் கையில் இருப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் நம் ஆட்கள் என்ன பேச வேண்டும்?

முதல் கேள்வி: 'டாக்டர், இந்த மாத்திர எதுக்கு? இது இன்னா செய்யும்?' கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை. நோயைக் குணப்படுத்துகிற மருந்து வேறு, அடக்கி வைக்கிற மருந்து வேறு. காசநோய் மருந்து கிருமியைக் கொன்று குணமாக்கும், அதற்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. பி.பி. மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அப்படி இல்லை. அவை அடக்கி வைப்பவை. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் நம் சனங்க ஒரு மாதம் பி.பி. மாத்திரை போட்டு, அளவு சரியாக இருக்கிறது என்றதும் 'கொணமாயிடுச்சி' என்று நிறுத்திவிடுகிறார்கள். பி.பி.க்கு வலி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. ஒருநாள் கை கால் இழுத்துக்கொள்ளும்போதுதான் தெரியும். ஆகவே இரண்டாவது கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள்: 'எத்தினி நாளைக்கு சாப்புடணும்? நல்லாயிட்டா நிறுத்தலாமா?'

மூன்றாவது: 'எப்ப சாப்புடணும்? சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா? ஒருவேள மறந்துட்டா?' இது டாக்டருக்குச் சின்ன விஷயம், நமக்கு உயிர். சர்க்கரைக்குக் கொடுக்கிற கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சோறு உண்டோ இல்லையோ சர்க்கரையை இறக்கும். விடிகாலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நீராகாரம்கூட இல்லாமல் கரும்பு வெட்டப் போகிற ஆளுக்குப் பத்து மணிக்கு வேர்த்துக்கொட்டும், கை நடுங்கும், கண் இருட்டும். மேஸ்திரி 'குடிச்சிட்டு வந்திருக்கான்' என்பான். உண்மையில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போயிருக்கும். உடனே சர்க்கரையோ வெல்லமோ கொடுத்தால் பிழைத்துக்கொள்வார், விட்டால் மயங்கி விழுவார். 'நான் காலையில சாப்புடறதில்ல டாக்டர், பத்து மணிக்குத்தான் கஞ்சி வரும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மாத்திரையை மாற்றவோ நேரத்தை மாற்றவோ அவரால் முடியும். மூன்று வேளை சாப்பிடுகிற உடம்பை நினைத்துத்தான் சீட்டு எழுதப்படுகிறது. நம் உடம்பு எத்தனை வேளை சாப்பிடுகிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

பெண்களின் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. பி.பி.க்கும் இதய நோய்க்கும் மூத்திரம் பிரிய ஒரு மாத்திரை கொடுப்பார்கள். போட்டால் அடிக்கடி போக வேண்டும். நடவு வயலில் எங்கே போவது? சித்தாள் வேலை பார்க்கிற கட்டடத்தில் எங்கே மறைவு? ஆகவே வேலை நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், தண்ணீரையும் குடிக்காமல் விடுகிறார்கள். கால் வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தால் 'மாத்திரையே சாப்பிடுவதில்லை' என்று அதட்டல். ஒதுங்க இடமில்லை என்பதை ஓர் ஆண் டாக்டரிடம் சொல்ல நம் பெண்களுக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டும் அக்கா, தங்கச்சிகளே. சொன்னால் வேலை முடித்து வீடு திரும்பியபின் போடலாமா, வேறு மாத்திரைக்கு மாறலாமா என்று யோசிக்க வழி பிறக்கும். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும், பிள்ளை வேண்டாம் என்று கருத்தடை மாத்திரை போட்டாலும் கட்டாயம் சொல்லுங்கள். பி.பி.க்குக் கொடுக்கிற எனலாபிரில் கர்ப்பிணிக்கு ஆகாது. ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். இதையெல்லாம் டாக்டர் கேட்பார் என்று காத்திருக்க இரண்டு நிமிடத்தில் இடமில்லை.

நான்காவது கேள்விதான் அந்த அம்மாவின் கேள்வி: 'இதைப் போட்டா ஒடம்புல இன்னா ஆவும்? எது வந்தா பயப்பட வேணாம், எது வந்தா ஓடியாரணும்?' பின்விளைவு இல்லாத மருந்து இல்லை. எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிவிடும். இவற்றுக்கெல்லாம் மாற்று உண்டு, அளவைக் குறைத்து ஆரம்பிக்க வழி உண்டு. ஆனால் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, பார்வை மங்கி சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எது சும்மா வருவது, எது எச்சரிக்கை என்று பிரித்துச் சொல்லாவிட்டால், சனங்க இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். எல்லாவற்றுக்கும் பயந்து மருந்தை விடுவார்கள், அல்லது எதற்கும் பயப்படாமல் செத்துப்போவார்கள். நாமாக நிறுத்துவது பதில் ஆகாது. திரும்பிப் போய்க் கேட்பதுதான் பதில்.

ஐந்தாவது காசு. 'இதே மருந்து வேற பேர்ல கம்மி வெலைக்குக் கெடைக்குமா?' இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியது நாமல்ல. ஒரே மருந்தைப் பத்துக் கம்பெனி பத்துப் பேரில் பத்து விலைக்கு விற்கிறான். டாக்டர்கள் முடிந்தவரை மருந்தின் மூலப்பெயரில்தான் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளே சொல்லியிருந்தன. படிக்கிற மாதிரி, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் திருத்தமும் வந்தது. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்படுத்தப்பட்டது. வெளியில் வாங்கச் சொன்னால், 'ஆஸ்பத்திரியில இல்லையா, இதுக்கு பதிலா இருக்கறது எது' என்று கேட்பது பிச்சை அல்ல. நம் வரிப்பணம் அது. வாங்க முடியாத மருந்தை வாங்குவதாகத் தலையாட்டிவிட்டு வந்து, பத்து நாள் மாத்திரையை இருபது நாளைக்குப் பாதிப் பாதியாகச் சாப்பிடுவதைவிட, 'என்னால முடியாது டாக்டர்' என்று சொல்வதில் மானம் இருக்கிறது.

கேட்பது ஒரு பாதி. சொல்வது மறு பாதி. இங்கே நம்மையே நாம் கொஞ்சம் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. குடிக்கிறதை மறைக்கிறோம். மேடையில் முழங்குகிற தோழர், டாக்டர் கேட்டால் 'எப்பவாச்சும்' என்கிறார். காசநோய் மருந்தும் சாராயமும் சேர்ந்தால் ஈரலுக்குத்தான் கேடு. பெட்டிக்கடையில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரையைச் சொல்வதில்லை. மூட்டை தூக்குகிற முதுகுக்கு அது நாள்தோறும் தேவைப்படுகிறது, தெரியும். ஆனால் டைக்குளோஃபினாக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும், பி.பி. மாத்திரை வேலை செய்யாது. நாட்டு மருந்து சாப்பிடுவதையும் மறைக்கிறோம். நாட்டு மருந்தை இழிவாக நினைக்கிறவர்கள் அல்ல நாம். அயோத்திதாசப் பண்டிதரே சித்த மருத்துவர்தான். ஆனால் இரண்டையும் ஒரே வயிற்றில் போடும்போது இரண்டையும் கொடுப்பவர்களுக்கு அது தெரிய வேண்டாமா? முன்பு ஏதாவது ஊசிக்கோ மாத்திரைக்கோ உடம்பு தடித்து மூச்சு முட்டியிருந்தால், அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இன்சுலின் ஊசிக்கும் இதே கதைதான். டாக்டர் இன்சுலின் ஆரம்பிக்கலாம் என்றதும், 'ஊசிக்கு வந்துட்டா கத முடிஞ்சுது' என்று ஓடிவந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இன்சுலின் நம் உடம்பே சுரக்கிற பொருள். சுரப்பது போதாமல் போகும்போது வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். அண்ணல் அம்பேத்கர் சர்க்கரை நோயாளி. கால் நரம்பு வலியால் தூக்கமின்றித் தவித்தவர். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் மால்வங்கரிடம் பணியாற்றிய டாக்டர் சாரதா கபீரைத்தான் அவர் 1948 ஏப்ரல் 15ஆம் தேதி மணந்துகொண்டார். நோயோடும் மருந்தோடும் போராடிக்கொண்டேதான் அரசியல் சட்டத்தை எழுதி முடித்தார். அவர் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிற நாம் ஊசிக்குப் பயந்து ஓடலாமா? ஓடாமல் கேளுங்கள். 'எங்க ஊட்டுல ஃபிரிஜ் இல்ல, இதை எப்படி வெக்கறது?' மண்கலயத்தில் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் படாமல் அதற்குள் ஒரு டப்பாவில் வைக்கலாம். பிரித்த மருந்து குடத்துக்குளிர்ச்சியில் சுமார் ஒரு மாதம் தாங்கும். சிலிண்டரும் ஃபிரிஜ்ஜும் உள்ள வீட்டை நினைத்துப் பேசுகிற டாக்டருக்கு, நம் வீட்டை நாம்தான் சொல்லிக் காட்ட வேண்டும்.

'ரொம்பக் கேட்டா வைத்தியமே பாக்க மாட்டாங்க' என்கிற பயம் பொய்ப் பயம் அல்ல. ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். நோயாளிக்குப் போதுமான அளவு எடுத்துச் சொல்லி, அவர் சம்மதம் பெற்றுத்தான் சிகிச்சை தர வேண்டும் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய் என்ன, சிகிச்சை என்ன, செலவு என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமையைத் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் வரிசைப்படுத்துகிறது. 2019இல் மத்திய சுகாதாரத் துறை அதை மாநிலங்களுக்கு அனுப்பி நடைமுறைப்படுத்தச் சொன்னது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 விதி. இந்தக் காகிதங்கள் எத்தனை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கின்றன என்று தோழர்கள் போய்ப் பார்த்து எழுதுங்கள்.

நம் சனங்களின் பயத்தை மூடநம்பிக்கை என்று கேலி செய்கிற படித்த தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, 399 கறுப்பின ஏழை விவசாயிகளுக்கு மேகநோய் இருப்பதை அவர்களிடமே சொல்லாமல், 'கெட்ட ரத்தம்' என்று பசப்பி, பென்சிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்கமே வேடிக்கை பார்த்தது. இங்கே கம்மம் மாவட்டத்தில் 2009இல் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதைக் கண்டித்தது. அந்த ஊசி கெட்ட ஊசி அல்ல. அந்தப் புற்றுநோய்க்கு அதிகம் பலியாவது ஏழைப் பெண்கள்தான், நம் பெண் பிள்ளைகளுக்கு அது வேண்டும். கேட்காமல் போட்டதுதான் குற்றம். கேட்காமல் கொடுத்தால் நல்ல மருந்தும் சந்தேகத்தை விதைக்கும். அந்தச் சந்தேகத்தால் அடுத்த தலைமுறை மருந்தை மறுக்கும். அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகள் துப்பாக்கியை மட்டும் ஏந்தவில்லை. தங்கள் தெருக்களில் இலவச மருத்துவ நிலையங்களையும் நடத்தினார்கள். அரிவாள் செல் ரத்தச் சோகை நோய்க்குச் சோதனை செய்து, தங்கள் சனங்களிடம் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்ட நாம் இந்தப் பாடத்தை ஏன் விட்டோம்?

பேசினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கையும் நல்ல சாப்பாடும் மருந்தும். இன்னொரு பிரிவுக்கு நெரிசலான தங்கள் வீட்டிலேயே அதே மருந்து மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்திருந்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகத்தையே மாற்றியது. அங்கே மருந்தோடு ஆளும் வீடு தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள், விசாரித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. கொண்டுவருகிற பெண்ணிடமும், கிராமச் செவிலியரிடமும், மருந்து எடுத்துக்கொடுக்கிற மருந்தாளுநரிடமும் கேளுங்கள். டாக்டரிடம் விட்டுப்போன கேள்வியை அங்கே கேட்கலாம்.

இனி நம் வேலை. ஒவ்வொரு கிளையிலும் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு தோழர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஆஸ்பத்திரிக்குத் துணை போகப் பொறுப்பெடுக்க வேண்டும். சண்டை போட அல்ல, கூட நிற்க. வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் சாப்பிடுகிற மாத்திரைகளின் பேர், அளவு, ஆரம்பித்த தேதி, ஒத்துக்கொள்ளாத மருந்து. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவே, கேட்கவேண்டிய மூன்று கேள்வியை அதில் எழுதி வைக்க வேண்டும். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும்: 'அப்ப ராத்திரி ஒண்ணு, சாப்புட்ட பொறவு, மூணு மாசம். சரிதானே டாக்டர்?' தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இரவுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மாத்திரை அட்டையில் பேரையும் காலாவதித் தேதியையும் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மருத்துவம், செவிலியம், மருந்தியல் படிக்கிற நம் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இட ஒதுக்கீட்டில் போன நாற்காலி அது. அதில் உட்கார்ந்த மறுநாளே 'ஏய் கெழவி, சொன்னதைச் செய்' என்று நீங்களும் அதட்டினால், நாற்காலி மாறியதே தவிர அதிகாரம் மாறவில்லை என்று அர்த்தம். உங்கள் எதிரில் நிற்பவர் உங்கள் பாட்டி. நான்கு சொற்கள் கூடுதலாகச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவை மகன் மறுபடி அழைத்துப் போனார். மறுபடி சளி எடுத்துப் பார்த்து, மறுபடி மருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை மகன் பேசவில்லை. வீட்டிலேயே அப்படித்தான் முடிவு செய்துகொண்டு போனார்கள். சீட்டைக் கையில் பிடித்தபடி அந்த அம்மாதான் கேட்டார்: 'டாக்டரம்மா, இத சாப்புட்டா மூத்திரம் செவப்பா போவுதே, அது இன்னாத்துக்கு?'

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். திட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாராம். பின்னால் வரிசையில் நின்ற நாலைந்து பேரும் கிட்டே வந்து காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கையிலும் அதே மாத்திரை.

கேளுங்கள் தோழர்களே. ஒருவர் கேட்டால் வரிசையே தெரிந்துகொள்ளும்.

ஜெய்பீம்.

ஆசிரியர் குழு